காவலை ஏமாற்றும் கள்ளச் சரக்கு
புற்றுநோய் நம் உடம்புக்குள் ஒளிந்து வளரும் விதம்



விலைவாசி, வரி, எடை முத்திரை, கொள்முதல் என்று எழுதி வந்த நாம் இம்முறை உடல்நலம் பற்றி எழுத வந்திருக்கிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நமது மொத்தக் கடையில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சரக்கு எடுத்து வந்த சில்லறை மளிகைக்காரர் ஒருவர் இருந்தார். நாணயமான மனிதர், கணக்கில் ஒரு நாள் தவணை தவறியதில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் வெற்றிலை, பாக்கு, புகையிலை வாயில் இருந்துகொண்டே இருக்கும். ஒரு சமயம் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு கண்டது. வலி இல்லை. சுண்ணாம்பு பட்டுவிட்டது என்று விட்டுவிட்டார். வருஷம் திரும்பியபோது அது புண்ணாகி, கழுத்தில் கட்டியும் வந்துவிட்டது. மருத்துவர்கள் வாய்ப் புற்றுநோய் என்றார்கள்.

நாம் பார்க்கப் போனபோது அவர் கேட்டார்: "அண்ணே, நமக்கு ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. சளி பிடித்தாலும் இரண்டு நாளில் போய்விடும். இவ்வளவு எதிர்ப்பு சக்தி உள்ள உடம்பு, இதை மட்டும் எப்படி விட்டு வைத்தது?"

அன்றைக்கு நமக்குப் பதில் தெரியவில்லை. அவர் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் கேள்வி மனதில் தங்கிவிட்டது. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் வியாபாரிகளுக்குப் புரியும் விதத்தில் இங்கே சொல்கிறோம்.

உடம்பின் சரக்குச் சோதனை

மண்டியில் பருப்பு மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதில்லை. குத்தூசியை விட்டு ஒரு கை மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். மாதிரி சரியாக இருந்தால் மூட்டை சரி. வண்டு இருந்தால் மூட்டை திரும்பிப் போகிறது.

நம் உடம்பிலும் இதே சோதனை இரவு பகலாக நடக்கிறது. உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவும் தனக்குள் தயாராகும் புரதங்களில் சிலவற்றைத் துண்டுகளாக நறுக்கி, மாதிரித் தட்டில் வைப்பதுபோலத் தன் மேல்புறத்தில் வைத்துக் காட்டுகிறது. இரத்தத்தில் சுற்றி வரும் வெள்ளையணுக்களில் 'டி அணுக்கள்' என்று ஒரு வகை உண்டு. இவைதான் காவலர்கள். தட்டில் இருப்பது உடம்பின் சொந்தச் சரக்கு என்றால் பேசாமல் போய்விடும். வைரஸ் கிருமியின் புரதமோ, கெட்டுப்போய் உருமாறிய புரதமோ தட்டில் தென்பட்டால் அந்த உயிரணுவை அந்த இடத்திலேயே கொன்றுவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. காவலர் வெறி பிடித்துச் சொந்த வீட்டையே அடித்து நொறுக்கினால் குடும்பம் நாசமாகிவிடும். ஆகவே டி அணுக்களுக்கு இயற்கை சில 'பிரேக்'குகளை வைத்திருக்கிறது. போதும் என்று சைகை கிடைத்தால் அவை அடங்கிவிடும். அவற்றைக் கண்காணித்து அமைதிப்படுத்தவே தனியாக ஒரு வகை டி அணுக்களும் உண்டு. இந்த அமைதிப்படை பற்றிய கண்டுபிடிப்புக்காக ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும், அமெரிக்காவின் மேரி புருன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தப் பிரேக் இல்லாவிட்டால் நாம் வாழ முடியாது. புற்றுநோய் பிடித்துக்கொள்வதும் இந்தப் பிரேக்கைத்தான்.

கள்ளச் சரக்கின் தந்திரங்கள்

புற்றுநோய் வெளியிலிருந்து வரும் எதிரி அல்ல. நம் சொந்த உயிரணுவே கட்டுப்பாடு இழந்து பெருகுவதுதான் புற்றுநோய். புகையிலையில் உள்ள நச்சுகள் உயிரணுவின் மரபுப் பொருளைத் திரும்பத் திரும்பச் சேதப்படுத்துகின்றன. அப்படிச் சேதமான அணுக்களில் பலவற்றை உடம்பு தானே சரிசெய்கிறது. பலவற்றைக் காவலர்கள் கண்டுபிடித்து அழித்தும் விடுகிறார்கள். இது நமக்குத் தெரியாமலே நடக்கும் வேலை. தப்பிக்கும் ஒன்றிரண்டுதான் வினை. அவை தப்பிக்கும் வழிகளில் முக்கியமானவை நான்கு.

முதலாவது, மாதிரித் தட்டையே எடுத்துவிடுவது. மேல்புறத்தில் எதையும் காட்டாவிட்டால் டி அணு எதைப் பார்த்துப் பிடிக்கும்? இயற்கை இதற்கும் மாற்று வைத்திருக்கிறது. 'இயற்கைக் கொல்லி அணு' என்று வேறொரு காவலர் உண்டு. தட்டு வைக்காத கடையைப் பார்த்தாலே அதற்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே கெட்டிக்காரப் புற்றணு தட்டை முழுவதும் எடுக்காமல், காட்டிக்கொடுக்கும் மாதிரியை மட்டும் ஒளித்துக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது, போலி முத்திரை. டி அணுவின் மேல் 'பி.டி.1' என்று ஒரு பிரேக் இருக்கிறது. நல்ல உயிரணுக்கள் அதை அழுத்தி, "நான் நம் வீட்டு ஆள், விட்டுவிடு" என்று சொல்லிக்கொள்ளும். புற்றணுவும் அதே முத்திரையைத் தன் மேல் ஏராளமாகக் குத்திக்கொள்கிறது. காவலர் நேரே வந்து நின்று, கள்ளச் சரக்கைக் கண்ணால் பார்த்து, அப்புறமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

மூன்றாவது, அமைதிப்படையை வரவழைத்துக்கொள்வது. புற்றுக்கட்டி சில இரசாயனங்களைச் சுரந்து, மேலே சொன்ன அமைதிப்படை அணுக்களைத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்கிறது. சண்டை போட வரும் காவலர்களை அவையே தடுத்துவிடுகின்றன.

நான்காவது, பட்டினி போடுவது. கட்டி வேகமாக வளர்வதால் சுற்றுப்புறத்துச் சர்க்கரைச் சத்தைத் தானே உறிஞ்சிக்கொண்டு அமிலத்தைக் கழிவாக விடுகிறது. அந்த இடத்துக்கு வரும் காவலர்கள் சத்தில்லாமல் சோர்ந்துபோகிறார்கள்.

இவற்றைப் புற்றணு யோசித்துச் செய்வதில்லை. அதற்கு மூளை கிடையாது. பிடிபடக்கூடிய அணுக்களெல்லாம் காவலர் கையில் அழிந்துபோகின்றன. தற்செயலாகத் தப்பிக்கும் தன்மை பெற்றவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. சலித்துச் சலித்துக் கடைசியில் சல்லடைக்குச் சிக்காத கல் மட்டும் அரிசியோடு தங்கிவிடுவது போலத்தான். கட்டி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும்போது, அது பெரும்பாலும் காவலை ஏமாற்றத் தேர்ந்த கூட்டமாக ஆகியிருக்கும்.

நம் நண்பர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவர் உடம்பில் சக்தி குறைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. சளியை விரட்டிய காவலர்கள் அங்கேயும் போயிருப்பார்கள். போயும் ஏமாந்துபோனார்கள்.

கிருமிகளும் இதே வேலையைச் செய்கின்றன

காவலை ஏமாற்றும் வித்தை கிருமிகளுக்கும் தெரியும். காசநோய்க் கிருமியை விழுங்கிக் கொல்ல வரும் வெள்ளையணுவுக்குள்ளேயே அந்தக் கிருமி குடியிருந்துவிடுகிறது. தன்னைச் செரிக்கும் பைகள் தன்னிடம் வந்து சேராதபடி தடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தூங்குகிறது. போலீஸ் நிலையத்திலேயே திருடன் அறை எடுத்துத் தங்கிய கதை இது.

பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் இன்னும் தந்திரசாலி. அது இரத்தத்தில் கலப்பதில்லை. மேல்தோல் அடுக்கிலேயே தங்குகிறது. உயிரணுவை வெடிக்க வைக்காமல் சத்தமில்லாமல் பெருகுகிறது, மாதிரித் தட்டையும் குறைத்துவிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை வென்றுவிடும். சிலருக்குத் தங்கிவிடுகிறது. தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றாக மாறக்கூடும். இந்த வைரசுக்கும் அந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008ல் நோபல் பரிசு பெற்றார்.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தடுப்பூசி என்பது திருடனின் படத்தை முன்கூட்டியே காவல் நிலையத்தில் ஒட்டி வைப்பது. கிருமி உள்ளே குடியேறுவதற்கு முன்னே போட்டால்தான் முழுப் பலன் என்பதால் சிறு வயதிலேயே போடச் சொல்கிறார்கள். புனே சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவாக்' தடுப்பூசிக்கு 2022ல் அனுமதி கிடைத்தது. தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடும் திட்டத்தை அறிவித்தது. பெண் குழந்தை உள்ள வியாபாரிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரேக்கை எடுத்துவிடும் மருந்து

காவலரைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1891ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் நோயாளிகளின் கட்டிக்குள் கிருமிகளைச் செலுத்திப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்கு இல்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

விடை கிடைக்க நூறு வருஷம் ஆனது. 1992ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் குழு பி.டி.1ஐக் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் 'சி.டி.எல்.ஏ.4' என்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்து, அதை மறைத்தால் எலிகளின் புற்றுக்கட்டி கரைவதை 1996ல் வெளியிட்டார். கட்டியை நேரே தாக்காமல் காவலரின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இதன் வழியே வந்தன. முதல் மருந்து 2011ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருவருக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மருந்து எல்லாருக்கும் வேலை செய்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிரேக் இல்லாத வண்டி எங்கேயும் மோதும் அல்லவா? சிலருக்குக் காவலர்கள் சொந்தக் குடலையும், நுரையீரலையும், தைராய்டு சுரப்பியையும் தாக்கிவிடுவதுண்டு.

விலைதான் மலைக்க வைக்கும். இங்கேதான் நம் நாட்டு மருத்துவர்கள் ஒரு வியாபாரியின் கேள்வியைக் கேட்டார்கள்: இவ்வளவு மருந்து உண்மையில் தேவையா? மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். நம் நாட்டில் இவ்வகையில் பெரும்பங்கு வாய்ப் புற்றுதான். 'நிவோலுமாப்' என்ற பி.டி.1 மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம். இவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம். ஆறு வாரக் கணக்கு போட்டுப் பாருங்கள். அங்கே 720, இங்கே 40. பதினெட்டில் ஒரு பங்கு!

விலை குறைந்த மாத்திரைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஒரு வருஷ முடிவில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர். அதோடு இந்தச் சிறு அளவு மருந்தும் பெற்றவர்களில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர். இந்த முடிவு 2022ல் வெளியானது. முற்றிய நோய்க்கு இது முழுக் குணம் அல்ல. ஆனால் ஏழைக்கும் எட்டும் விலையில் சில மாதங்களாவது கூடுதலாகக் கிடைக்க வழி பிறந்திருக்கிறது.

இன்னொரு செய்தி. நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்து, இரத்தப் புற்றணுவை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்பச் செலுத்தும் சிகிச்சையை மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கின. 'நெக்ஸ்கார்19' என்ற பெயரில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. மேல்நாட்டில் கோடிகளில் ஆகும் செலவு இங்கே லட்சங்களுக்கு இறங்கியிருக்கிறது. அதுவும் பெரிய தொகைதான் என்றாலும் தொடக்கம் நல்ல தொடக்கம்.

சக்தி மாவு விற்பவர்கள் கவனத்துக்கு

கொரோனா வந்த பிறகு 'எதிர்ப்பு சக்தி' என்று அச்சிட்ட பாக்கெட் நம் கடைகளில் நிறையத் தொங்குகிறது. சத்துமாவு நல்ல உணவு, விற்பதில் தவறில்லை. ஆனால் அதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வராது, வந்தாலும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம், நாம் சொல்லி விற்கவும் வேண்டாம். மேலே பார்த்தபடி புற்றுநோய் வெல்வது காவலரின் சாப்பாட்டைக் குறைத்து மட்டும் அல்ல, முக்கியமாக அவரை ஏமாற்றித்தான். போலி முத்திரையை நம்பி நிற்கும் காவலருக்கு இன்னொரு வேளைச் சாப்பாடு போட்டு என்ன பயன்? புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அதே 1954ல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அங்கே தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்து 2021ல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அவரது சகாக்களும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தது, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்கலாம் என்பதுதான். ஏமாற்றும் கூட்டம் சிறிதாக இருக்கும்போதே கத்தியால் வெட்டி எடுத்துவிடலாம். வாய் திறந்து கண்ணாடியில் பார்த்தால் தெரிகிற நோய் இது. முற்ற விடுவது நம் அலட்சியம்.

நாம் செய்ய வேண்டியது

மாதம் ஒரு முறை, கடை அடைக்கும் நாளில், கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். கன்னம், ஈறு, நாக்கின் அடி, பக்கவாட்டு எல்லாம் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், வாய் திறப்பு குறைவது, கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். நம் நண்பரை ஏமாற்றியது வலி இல்லாததுதான். நம் பகுதியினருக்குப் புதுக்கோட்டை, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தகுதி உள்ளவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

இனி வியாபாரம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் படகுக்குச் சாமான் கட்டும்போது அரிசி, பருப்பு, சீனி, தேயிலையோடு வெற்றிலை, பாக்கு, புகையிலையும் கட்டிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். தூக்கம் வராமல் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லேயே அறிவித்துவிட்டது. பாக்கு வாயின் உட்தசையை இறுக்கி, வாய் திறக்க முடியாமலும் செய்யும். குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதல் தமிழக அரசு தடை ஆணை பிறப்பித்து வருகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் எவருக்கும் விற்கக்கூடாது. 'பையனை அப்பா அனுப்பினார்' என்பது சட்டத்தில் செல்லாது.

நம் நண்பர் வாயில் போட்ட புகையிலை யார் கடையிலிருந்து போனது? நமது கடையிலிருந்துதான். பில் புத்தகத்தில் இருக்கிறது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாமும் அன்று பேசவில்லை. அவர் போன பிறகு புகையிலைக் கட்டும் பாக்கு மூட்டையும் வாங்குவதை நிறுத்திவிட்டோம். மாத வரவில் ஓர் ஓட்டை விழுந்தது உண்மை. ஒரு சில வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போனதும் உண்மை. அந்த அலமாரியில் இப்போது சிறுதானியமும் கடலை மிட்டாயும் இருக்கின்றன. பழைய வரவு முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் கடை நடக்கிறது.

எல்லாரும் நாளைக்கே நிறுத்திவிடுங்கள் என்று கட்டளையிட நமக்கு அதிகாரம் இல்லை. அவரவர் குடும்பம், அவரவர் கஷ்டம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம், நாம் கல்லாவில் உட்கார்ந்து மெல்ல மாட்டோம் என்ற இரண்டையாவது இந்த மாதத்திலிருந்து தொடங்கலாம். நல்ல சரக்கு எது, கள்ளச் சரக்கு எது என்று பார்த்தவுடன் சொல்லும் கண் நம் தொழிலில் நமக்கு வாய்த்திருக்கிறது. அந்தக் கண்ணால் நம் வாயையும் மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்வோம்.